பொட்டாசியம் ஏறிய வழி

பாச்சாங்கில் ஒரு தனியார் கிளினிக்கின் லேபில் வேலை செய்கிறேன். இரத்தத்தில் உள்ள தாதுக்களை அளப்பது என் அன்றாட வேலை. வந்த எண்ணை உடனே நம்பாமல் இருப்பதும் அதில் சேர்த்தி.

அன்று செலண்டாரிலிருந்து ராமையா வந்திருந்தார். எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பழைய அளவிலேயே நிற்க, பொட்டாசியம் மட்டும் 6.5 என்று காட்டியது மெஷின். இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு.

உடனே டாக்டரிடம் சொன்னேன்.

"சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருக்குமோ? நான் ஈசிஜி எடுக்கிறேன். நீங்க மறுபடி ரத்தம் எடுங்க."

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இரத்த அணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து எண் ஏறும்; ஆனால் சீரமும் சிவந்திருக்கும். இது தெளிவாக இருந்தது. மெஷினைச் சரிபார்க்க ஓட்டும் கண்ட்ரோலும் சரி. நரம்பு தெரிவதற்காக அவர் கையை மூடி மூடித் திறந்ததால் ஏறியதோ? இம்முறை கையை அசைக்க விடாமல் எடுத்தேன். 6.4.

பொட்டாசியம் மிகுந்த எதையோ சாப்பிட்டிருப்பாரோ என்று சந்தேகம் இப்போது அவர் மேல் திரும்பியது.

"ஐயா, இளநீர் குடிச்சீங்களா?"

"இல்ல தம்பி."

"வாழைப்பழம்? நாட்டு மருந்து?"

"போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்வளவு கேக்க மாட்டாங்க லா."

அவர் மனைவி சரோஜா குறுக்கிட்டார். "அதெல்லாம் நான் அண்ட விடுறதே இல்ல தம்பி. பழைய உப்பக்கூட நிறுத்திட்டேன். சோடியம் கம்மின்னு சூப்பர்மார்க்கெட்ல விக்குதே, அந்த உப்புதான். சுருக்குனு இருக்காது, அதனால ரெண்டு மடங்கு போடுவேன்."

"அதான் குழம்பு கசக்குது," என்றார் ராமையா. "கேட்டா, வாய மூடிட்டுச் சாப்பிடுங்கன்றா."

அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். தளர்ந்த சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும். அவருடைய பிரஷர் மாத்திரையும் அதை உடலில் தேக்கும் வகை. ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்ததால் டாக்டர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

காத்திருந்த நேரத்தில் சரோஜா என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்கும் ரெண்டு பாக்கெட் வாங்கிக் குடுத்தேன். அவங்களுக்கும் இனிப்புநீர், கிட்னி வீக்கு."

"போன் நம்பர் சொல்லுங்கக்கா."

மாரியம்மா போனை எடுத்தார். சமையல் நடந்துகொண்டிருந்தது. அந்த உப்பைத் தொடாமல், அன்றே இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். ராமையா சிகிச்சை முடிந்து அந்த வாரமே வீடு திரும்பினார்.

ஆகாததைச் சாப்பிட்டவர்கள் துருவிக் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். நல்லதென்று நம்பிச் செய்வதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. அதனால் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: "உடம்புக்கு நல்லதுன்னு புதுசா என்ன ஆரம்பிச்சிருக்கீங்க?"