சுவரோரத்துக் காற்று

இதைக் கதையாகச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது கதை இல்லை. எனக்கு நடந்தது. போன ஜூன் மாதம் (பூமியின் தென்கோடியில் எங்களுக்கு அது நடுக்குளிர்காலம்), இன்வர்கார்கில் ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில், ஒரு முதியோர் இல்லத்தில்.

என் பெயர் ரோனா. பெரிய கட்டடங்களில் அறைகளைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்துவதற்கு முன்னால் வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வரைந்தவன் விட்ட தப்பை நான் பிடிக்க வேண்டும். அதனால் என்னை எவனுக்கும் பிடிக்காது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான்.

அந்த இல்லத்தின் பழைய நிலக்கரிக் கொதிகலனைப் பிடுங்கிவிட்டார்கள். வயதானவர்கள் எல்லாரும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். மறுநாள் காலை புது இயந்திரங்களை ஏற்ற கிரேன் வருகிறது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வரைபடம் போட்ட க்ரெய்க் டனீடன் நகரத்திலிருந்து போனுக்கு மேல் போன் போட்டு உயிரை வாங்கினான்.

எனக்கு ஒரே ஓர் அறைதான் உறுத்தியது. இரவுப் பணிப்பெண் படுக்கிற அறை. கட்டில் போட்டால் திரும்ப இடம் இருக்காது. ஜன்னல் கிடையாது. ஹீட் பம்ப் குழாயில் ஓடுகிற வாயு காற்றைவிடக் கனமானது. வாசனையும் இல்லை. கசிந்தால் மூச்சுக் காற்றைத் தள்ளிவிட்டுத் தரையோடு தேங்கும். அவ்வளவு சின்ன அறையில் கதவை மூடித் தூங்குகிறவள் விடிந்தால் எழுந்திருக்க மாட்டாள். க்ரெய்க் இதற்கும் பதில் வைத்திருந்தான். பின்சுவரில், தரையோரமாக, பழைய காற்றுத் துளை ஒன்று இருப்பதாக வரைபடத்தில் குறித்திருந்தான். அது உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

மாலை ஐந்தரை. ஜூன் மாதம், கும்மிருட்டு. இரவுப் பணிக்கு வந்திருந்த டோங்கா தீவுக்காரப் பெண் சேலா, இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு எதிரே வந்தாள்.

"கையெழுத்துப் போடுற அம்மா நீங்கதானா? சட்டுபுட்டுன்னு போட்டுட்டுப் போங்க. என் விரலைத் தொட்டுப் பாருங்க, மீன்கடை ஐஸ் மாதிரி இருக்கு."

"துளை இருந்தா போட்டுடறேன்."

"இல்லைன்னா?"

"உன் ரூமுக்கு மட்டும் இப்போதைக்கு சூடு கிடையாது."

"அடப்பாவமே! அங்க படுக்கறது நான்தானே!" என்றாள். சிரித்தாலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இல்லத்தைப் பராமரிக்கும் மர்ரே, எழுபதைத் தாண்டியவர், சாவியோடு வந்தார். அறையைத் திறந்துவிட்டு நடைபாதையிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?"

"நீயே பாரு. எனக்கு முட்டி வலி."

பின்சுவரின் அடியில் நீளமாக ஒரு பலகை அடித்திருந்தது. துளை கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைக்குப் பின்னால் இருக்கலாம். அதற்கு என்னிடம் ஒரு புகைக் குப்பி உண்டு. அழுத்தினால் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வரும். இடுக்கு எங்கே இருக்கிறதோ, புகை அந்தப் பக்கம் போகும். கதவைச் சாத்தினேன். மணி 5.52.

அழுத்தினேன். புகை வளைந்தது. நேராகப் பலகையின் அடிக்குப் போய் மறைந்தது.

அப்பாடா என்றிருந்தது. துளை இருக்கிறது! சேலாவுக்குச் சூடு கிடைக்கும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது புகை திரும்பி வந்தது.

அதே இடத்திலிருந்து. மெதுவாக.

மறுபடி உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது. வெளியே காற்று அடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் காரிலிருந்து இறங்கியபோது ஒரு புல் கூட அசையவில்லை.

மண்டியிட்டு அங்கே கையை வைத்தேன்.

சூடாக இருந்தது. ஈரமாகவும்...

உஸ்ஸ்... ஹா... உஸ்ஸ்... ஹா...

வேகம் கூடியது. ஓடி வந்து நிற்கிறவர்களுக்கு இரைக்குமே, அப்படி.

பிறகு இடைவெளி விழுந்தது.

உஸ்ஸ்...

...

ஹா...

உஸ்ஸ்...

அவ்வளவுதான். திரும்பி வரவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. கதவின் கைப்பிடி அகப்படவில்லை. தடவித் தடவி, எப்படியோ வெளியே வந்து விழுந்தேன்.

"எதுக்கு சுவரை அந்த அடி அடிச்ச?" என்றார் மர்ரே.

"நான் அடிக்கலையே..."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக அறையைப் பூட்டினார்.

நான் அந்த அறையை வரைபடத்திலிருந்து அடித்துவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன். க்ரெய்க் போனில் கத்தினான்.

"புகை உள்ள போச்சுன்னு நீயே சொல்ற! அப்புறம் என்ன உனக்கு?"

"வெளியவும் வந்துச்சு."

"காத்துன்னா வரும், போகும்! பைத்தியமா நீ?"

அதுகூடப் பரவாயில்லை. சேலாதான், "உங்க வீட்ல சூடு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சுருக்கென்றது. பயத்தில் ஒரு பெண்ணைக் குளிரில் போட்டுவிட்டேனோ என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அங்கே முறையாக ஒரு துளை போடுவதற்காகத் தச்சர் அந்தப் பலகையைப் பெயர்த்தார். மர்ரே போன் செய்தார்.

"துளை இல்ல ரோனா. பலகைக்குப் பின்னாடி பூரா சிமென்ட். எறும்பு நுழைய வழியில்ல."

புகையை நம்பியிருந்தால் சேலாவை அந்தப் பெட்டிக்குள் படுக்க வைத்திருப்பேன்.

"அப்போ புகை எங்க போச்சு மர்ரே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எண்பத்தொண்ணுல எல்ஸ்பெத்னு ஒரு நர்ஸ் அங்க படுப்பா. ஒரு ராத்திரி கொதிகலன் புகை அந்த ரூமுக்குள்ள ஏறிடுச்சு. காலைல பார்த்தா, சுவரோரமா குப்புறக் கிடக்கறா. வாய் அந்தப் பலகையோட அழுந்தியிருந்துச்சு."

"அங்க முன்னாடி துளை இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் வரைக்கும்... குளிர் தாங்கலை, அடைச்சுக் குடுன்னு அவதான் கெஞ்சினா. நான்தான் சிமென்ட் குழைச்சேன்."