சாம்பல் வட்டத்தை வளைத்தவள்

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் வட்டைகளில் பெரிய மனிதர்கள் பலர் வாழ்ந்து மறைந்தார்கள். புஸ்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் அப்படி ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. ஒரு பெரிய மனிதரைச் சாகாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். சாகாதவருக்குக் கல் நடும் வழக்கம் நம்மிடம் கிடையாது.

அறுவடைக் காலத்தில் வயல் வாடிக் குடிசையில் கஞ்சி காய்ச்சுவதும் வேலையாட்களுக்குத் தண்ணீர் சுமப்பதும் அவள் தொழில். ஆள் குள்ளம். குரல் மட்டும் ஆளைவிட நாலு முழம் உயரம். அவள் வாடி வாசலில் நின்று கூப்பிட்டால் குளக்கட்டில் நிற்கும் கொக்கு பறக்கும். அவளுடைய புருஷன் அருமைநாயகம், நெல் மிதிக்கும் எருமைகளைச் சாய்த்து ஓட்டுபவன். எதிர்த்துப் பேசுவதில் அந்த எருமைகள் அவனைவிடக் கெட்டிக்காரர்கள்.

முப்பத்தேழாம் ஆண்டு ஆவணி வெய்யிலில் அருமைநாயகம் களத்திலே விழுந்தான். விழுவதற்கு முன் அவனுக்கு வேர்வை நின்றுபோயிற்று; மேல் அடுப்புக் கல்லாய்க் கொதித்தது; முன்னால் போன கிழட்டு எருமையை மிகுந்த மரியாதையோடு "மாமி" என்று அழைத்து, வெற்றிலை வேண்டுமா என்று கேட்டான். பிழைத்தது தெய்வச்செயல். அடுத்த ஆண்டு அறுவடையும் அனல் வீசும் கச்சான் காற்றும் ஒன்றாக வந்தபோது, புஸ்பத்துக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது: இந்த முறை தெய்வத்துக்கு வேறு வேலை இருந்தால் என்ன செய்வது?

இங்கே களவெட்டியின் சட்டதிட்டங்களைச் சொல்லவேண்டும். களவெட்டி என்பது நெல் மிதிக்கும் வட்டக் களம். நிலக்காரர் வினாயகமூர்த்திப் போடியாரின் களவெட்டியைச் சுற்றிக் காலையில் சாம்பலால் கோடு போடுவார்கள், பூதம் வந்து நெல்லை அள்ளாமல் இருக்க. கோட்டுக்குள் குடை பிடிக்கக் கூடாது. செருப்புக் கூடாது. பெண் கால் படக் கூடாது. "இல்லை", "போதும்", "ஏலாது" என்ற மூன்று சொற்களும் கூடாது. சொன்னால் நெல் குறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே போன எதுவும் வைக்கோல் உதறி முடியும்வரை வெளியே வரக் கூடாது. ஆளும் வரக் கூடாது, வெறுங்குடமும் வரக் கூடாது. எருமைகளை மட்டும் உச்சிப் பொழுதில் மாற்றி, களைத்ததைத் தண்ணீரில் படுக்க விடலாம். எருமை செத்தால் அதன் சொந்தக்காரர் ஏறாவூர் மஜீட் காக்காவுக்குப் பதில் சொல்லவேண்டுமே! அருமைநாயகம் செத்தால் புஸ்பத்துக்குத்தானே.

வழக்கமாக நிலவில் மிதிப்பார்கள். அந்தக் கிழமை அமாவாசை. யானைப் பயம் வேறு. ஆகவே பகலில் மிதிப்பதென்று போடியார் தீர்மானித்தார். கோடு கீறும் முன்னரே புஸ்பம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"போடியார், உச்சிப் பொழுதுல ஆக்களைக் கொஞ்ச நேரம் அந்த மருத மரத்து நிழலுக்கு விடுங்க. போன வருசம் இவர் விழுந்ததை நீங்களும் கண்டதுதானே."

"எங்கட களத்துல நாலு தலமுறையா ஒருத்தன்கூட ஏலாதெண்டு சொன்னதில்ல, தெரியுமா புள்ள?"

"சொல்லப்படாதெண்டு சட்டம் போட்டா எப்பிடிச் சொல்லுற? பொத்தெண்டு விழுறதுதான்!"

"சும்மா இரி புஸ்பம்," என்றான் அருமைநாயகம்.

"நீங்க சும்மா இருந்துதான் எருமையை மாமி எண்டு கூப்பிட்டீங்க. என்ட அம்மா இன்னும் உங்களோட கதைக்கல்ல."

போடியார் கோட்டைக் கீறச் சொன்னார். வழக்கு முடிந்தது.

அவரும் களத்துக்குள் போனார், கறுப்புக் கம்பளிக் கோட்டு அணிந்தபடி. களவெட்டிக்குள் கோட்டு அணியக் கூடாதென்று முன்னோர் விதிக்கவில்லை. ஆவணி வெய்யிலில் ஒருவர் அதை அணிவாரென்று அந்த அப்பாவிகளுக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்குள் தண்ணீர்க் குடங்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. குடித்து முடித்த குடம் வெளியே வர முடியாது. வெளியே நிரப்பக் குடம் கிடையாது. புஸ்பம் கோட்டோரம் நின்று, வாளியால் அள்ளி நீட்டிய கைகளில் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் அவள் கண் அருமைநாயகத்தின் முதுகில்தான். முதுகு பளபளத்தால் பயமில்லை. வேர்க்கிறவன் தப்புவான்.

உச்சிக்கு அந்த முதுகு மங்கத் தொடங்கியது.

"இஞ்ச வாங்க! தண்ணி குடிங்க!"

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தான். அவளைப் பார்த்தானா, பின்னாலிருந்த குளக்கட்டைப் பார்த்தானா என்று சொல்ல முடியாது. சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் போன வருடமே பழக்கம். சட்டமாவது சாம்பலாவது என்று அவள் காலைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் போடியார் முந்திக்கொண்டார். அவர் ஒரு வைக்கோல் குவியலைப் பார்த்து, "நான் கதைக்கக்குள்ள எழும்பி நில்லு!" என்று அதட்டினார். வைக்கோல் எழும்பவில்லை. போடியார் விழுந்தார்.

எருமைகள் நின்றன. ஆட்கள் கூடினார்கள். நிலைமையைக் கவனியுங்கள்: போடியாரை வெளியே எடுக்கக் கூடாது, எடுக்க ஏலாது என்று சொல்லவும் கூடாது. குடங்களில் தண்ணீர் இல்லை. இல்லை என்றும் சொல்லக் கூடாது. எட்டு ஆண்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வெறுங்குடங்களை ஒருவருக்கொருவர் காட்டினார்கள்.

"அல்லாஹ்வே! மனிசன் மௌத்தாப் போறார், நீங்க குடம் காட்டுறீங்க!" என்று வெளியே நின்ற மஜீட் காக்கா கத்தினார். கத்தினாரே தவிர, கோட்டில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். அடுத்த வருடமும் எருமை கொண்டுவர வேண்டியவர்.

புஸ்பம் வாடிக்கு ஓடினாள். நெல் புடைக்கும் சுளகு நிறைய அடுப்புச் சாம்பலோடு திரும்பி வந்தாள். கோட்டின் வெளிப்புறம் நின்று, கோட்டுக்கு உட்புறமாக ஒரு கைப்பிடி வளைத்துத் தூவினாள். பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் இடையில் இருந்த நிலம் களத்துக்கு வெளியாயிற்று. பழையதைக் காலால் அழித்துவிட்டு, அந்த வெளியில் கால் வைத்தாள். மறுபடி தூவினாள். ஒரு அடிகூட அவள் களத்துக்குள் போகவில்லை; பிடி பிடியாகக் களம்தான் பின்வாங்கியது. கடைசியில் கோடு போடியாரின் தலையைச் சுற்றி மறுபக்கம் போயிற்று. அவர் வெளியே கிடந்தார்.

பக்கத்தில் அருமைநாயகம் ஆடிக்கொண்டு நின்றான். சுளகில் இன்னும் இரண்டு பிடி இருந்தது. கோட்டை அவனையும் சுற்றி இழுத்துவிட்டாள்.

"காக்கா, காலைப் பிடிங்க!"

இருவருமாகப் போடியாரை மருத மரத்தடிக்கு இழுத்தார்கள். புஸ்பம் அவருடைய கம்பளிக் கோட்டைக் கழற்றி எறிந்தாள். வாய்க்காலில் நனைத்த சாரத் துணியைக் கழுத்திலும் கைக்குக் கீழே கமக்கட்டிலும் வைத்தாள். தலை முதல் கால்வரை வாளி வாளியாக ஊற்றிச் சுளகால் விசிறினாள். மஜீட் காக்கா சிரட்டையில் தண்ணீரோடு போடியாரின் வாயைத் திறந்தார்.

"வாயில ஊத்தாதீங்க காக்கா! மயங்கின ஆளுக்குப் புரையேறிப் போகும். மேலுக்கு ஊத்துங்க!"

அருமைநாயகத்தையும் நனைத்து நிழலில் சாய்த்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். "மெல்ல மெல்லக் குடிங்க. நான் ஆரெண்டு சொல்லுங்க பாப்பம்?"

"புஸ்பம்," என்றான்.

"மாமி இல்லையே?"

"இல்ல."

அவள் வாழ்நாளில் கேட்ட இனிய சொல் அதுதான்.

ஏழாவது வாளியில் போடியார் கண் திறந்தார். எட்டாவது வாளி வருவதைக் கண்டார். "போதும்," என்றார்.

களத்துக்குள் எட்டுப் பேரில் மிஞ்சிய ஏழு பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள்.

"பயப்பிடாதீங்க போடியார். நீங்க வெளிய. இஞ்ச சொல்லலாம்."

"என்னை ஆர் வெளிய எடுத்த?"

"ஒருத்தரும் எடுக்கல்ல. நீங்க விழுந்த இடத்துலதான் கிடந்தீங்க. வெளிதான் உங்களிட்ட வந்திச்சு." புஸ்பம் வாளியைக் கீழே வைக்கவில்லை. "மத்த ஆக்களையும் நிழலுக்கு விடுவமா, இன்னொரு வாளி ஊத்தவா?"

போடியார் சாம்பல் கோட்டைப் பார்த்தார். வட்டம் இப்போது ஒரு பக்கம் கடித்த அப்பம் போலிருந்தது. பெரிய மனிதர் என்பவர், தோற்றாலும் தீர்ப்புச் சொல்லும் இடத்தை விடாதவர். தொண்டையைச் செருமினார்.

"இந்த வளைவு எங்கட பாட்டன் காலத்துல இருந்ததுதான். இடையில ஆக்கள் மறந்திட்டாங்க. மறுகா அதை மத்த ஆக்களையும் சுத்தி இழு, புள்ள. மரம் வரைக்கும் வெளிதான்."

அன்று பின்னேரம் நெல்லை அளந்தார்கள். பூதம் ஒரு மணியும் எடுக்கவில்லை.

மறு வருடம் அந்த வளைவைப் போடப் புஸ்பத்தைத் தாம்பூலம் வைத்து அழைத்தார்கள். அதற்கடுத்த வருடம் அயல் வட்டைகளும் கேட்டன. கஞ்சி அடுப்புச் சாம்பலாக இருக்க வேண்டும், வாய் பெருத்த பெண்தான் தூவ வேண்டும் என்று அறிந்தவர்கள் விதி எழுதினார்கள். உச்சிப் பொழுதானால் கோட்டை வளைத்துவிட, ஆட்கள் எல்லோரும் அந்த வெளி நிழலுக்கு வந்து, தாகம் எடுக்குமுன் உப்புக் கஞ்சி குடித்து, வெய்யில் சாயும்வரை கால் நீட்டிக் கிடந்தார்கள். ஒருவரும் விழவில்லை.

அவர்கள் நிழலுக்காக மட்டும் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காலையிலிருந்து அடக்கிவைத்த மூன்று சொற்களையும் அங்கே ஆசை தீரச் சொல்லலாம். கம்பளிக் கோட்டில்லாமல் வந்து முதல் ஆளாக உட்காரும் போடியார் "போதும், போதும்" என்று சிரட்டையைத் தள்ளுவார். எல்லாரிலும் உரக்கக் கத்துபவன் அருமைநாயகம்.

"ஏலாது!" என்பான், மரத்தில் சாய்ந்து. "ஏலவே ஏலாது!"

"அப்பிடிச் சொல்லுங்க," என்று புஸ்பம் அவன் சிரட்டையை நிரப்புவாள்.