அச்சாறுக்குப் போன சைடர்

டென்மார்க்கில், ஹேர்னிங்கில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஆப்பிள் மரம் எதற்கும் உதவாதது என்றுதான் முதலில் நினைத்தேன். பழம் சின்னது, கடித்தால் பல் கூசும். அடுத்த வீட்டு டேனிஷ்காரர் மட்டும் வேலிக்கு மேலால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு இலையுதிர்காலத்தில் பழத்தைத் தரமுடியுமா என்று கேட்டே விட்டார். இந்தப் பழத்தில்தான் நல்ல சைடர், ஆப்பிள் மது, வருமாம். பிழிந்து, இனிப்பு முழுவதும் போகும்வரை புளிக்கவிட்டு, போத்தலில் அடைத்து, அடுத்த வருடம்தான் திறப்பாராம்.

அப்படி வந்த முதல் போத்தலை, நான் வேலைக்குப் போயிருந்த நேரம் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்தபோது அடுப்படியில் கடுகு மணம்.

“இஞ்சாருங்கோ, அந்தாள் தந்த ஆப்பிள் ஜூஸ் நல்லாப் புளிச்சுப்போச்சுது. எறிய மனம் வரேல்லை. வினாகிரிக்குப் பதிலா அச்சாறுக்கு விட்டிட்டன்.”

ஒரு வருடம் காத்திருந்து செய்த சரக்கில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் ஊறுகாயாக மிதந்துகொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. அவள் அசையவில்லை. அச்சாறில் கொஞ்சத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைத் தன் அரைகுறை டேனிஷில் சொல்லியும் விட்டாள். அவர் சிரித்த சிரிப்பு எங்கள் அடுப்படிவரை கேட்டது.

அதன் பிறகு வருடா வருடம் பழம் எங்களுடையது, வேலை அவருடையது. பிடுங்குவது அவள், எட்டாத கொப்பைக் குடைக்காம்பால் இழுத்து வளைப்பாள். போன வருடத்துச் சைடரைத் திறக்கும் அன்று மூவரும் தோட்டத்து மேசையில் உட்காருவோம், நடுவில் அச்சாறு. நான் மெல்ல மெல்ல ருசி பழகினேன். மூக்குக்கு ஆப்பிள் வரும், நாக்குக்கு இனிப்பு வராது. சாயம் கூடிய, பால் விடாத பிளேன் டீயைப்போல ஒரு துவர்ப்பு மட்டும் நிற்கும். அதுதான் அதன் அழகு. அவளுக்கு அது பிடிபடவே இல்லை. ஒரு மிடறு குடிப்பாள், ஒற்றைக் கண்ணை மூடி முகத்தைச் சுளிப்பாள்.

“இவ்வளவு பழத்தின்ரை இனிப்பும் எங்கை போச்சுது?”

கேட்டுக்கொண்டே மிச்சத்தை என் கிளாஸில் ஊற்றிவிடுவாள்.

போன இலையுதிர்காலத்திலும் அவள்தான் பிடுங்கினாள். காய்ப்புக் குறைவு, ஒரு போத்தல்தான் தேறியது. பனிக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

இந்த வருடம் அவர் அந்தப் போத்தலோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, திறக்கவா, வைத்திருக்கவா என்று கேட்டார். திறந்தால் அவள் பிடுங்கிய பழம் அதோடு முடிந்துவிடும். அதற்காகப் பூட்டிவைத்து நான் யாருக்குக் காட்டப் போகிறேன்? திறக்கச் சொன்னேன்.

பழக்கத்தில் மூன்று கிளாஸ் கொண்டுவந்துவிட்டேன். அவர் மூன்றிலும் ஊற்றினார். அச்சாறு இல்லை, எனக்குச் செய்யத் தெரியாது. சைடர் முந்தைய எல்லா வருடங்களையும்விட நன்றாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

என் கிளாஸ் முடிந்தபிறகும், மிச்சம் வரும் என்பதுபோல அதை நீட்டியபடியே இருந்திருக்கிறேன். அவர் கவனித்துவிட்டார். மூன்றாவது கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு மிச்சத்தை எனக்கு ஊற்றினார். அவளைப்போல முகத்தைச் சுளிக்கவும் பார்த்தார், ஆனால் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

ஒற்றைக் கண்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நானே ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டினேன்.