கிழக் குதிரைக்கும் சதை வைக்கிற ஆண்டவர்

சபையார் அனைவருக்கும் ஆரணியில் ஜட்கா ஓட்டுகிற ஞானமுத்து எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பில்லை. பார்த்த ஜனங்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

1978ஆம் வருஷம் மாசி மாதம். என் குதிரை ராஜாத்திக்கு அப்போதே இருபது வயதுக்கு மேல். பதினோரு வருஷம் என் வண்டியை இழுத்தவள். நெசவாளர் வீடுகளிலிருந்து பட்டுப்புடவை மூட்டைகளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த மாசியில் அவள் உடம்பு உருக ஆரம்பித்தது. முதுகெலும்பு மேலே எழும்பியது. இடுப்பில் இரண்டு பக்கமும் குழி விழுந்தது. நான் கொள்ளு அதிகமாக வைத்தேன். புல்லை அதிகமாகப் போட்டேன். வைக்க வைக்க மெலிந்தாள்.

தறிக்குப் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த நெசவாளர் ஒருவர் தெருவில் என்னை நிறுத்தினார். "இன்னா ஞானமுத்து, உன் குதிர விலாவுல இழை கோத்து பாவு போட்டுடலாம் போலகீதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதே வாரம் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி வந்தார். ராஜாத்தியைச் சுற்றி வந்து, அவள் கிழிந்த காது வரை பார்த்தார். திட்டவில்லை. "இத வண்டியில பூட்டறது பாவம்யா. வைகாசில திரும்ப வருவேன். தேறியிருந்தா லைசென்ஸ். இல்லன்னா வண்டிய நிறுத்திடு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வண்டி நின்றால் ராஜாத்தியை வைத்துத் தீனி போட எனக்கு வழி கிடையாது. கிழக் குதிரையை வாங்குகிறவன் எதற்கு வாங்குவான் என்று உங்களுக்குத் தெரியும். அவள் என் கையை விட்டுப் போனால் உயிரோடு இருக்கமாட்டாள்.

இங்கேதான் நான் செய்த புத்தியீனத்தைச் சொல்லவேண்டும். மறைத்தால் சாட்சி ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா, பாவத்தில் கிடந்த ஒரு பட்டணத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். அந்த ஊர் ராஜா, மனுஷர் மட்டுமல்ல, ஆடுமாடுகளும் ஒன்றும் தின்னக்கூடாது என்று கட்டளை போட்டானாம். ஆண்டவர் மனமிரங்கினாராம். எனக்கு அது நேராக எனக்கென்றே சொன்னது போலிருந்தது. வெள்ளிக்கிழமை நான் உபவாசம் இருந்தேன். ராஜாத்தியையும் உபவாசம் இருக்க வைத்தேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவள் தொட்டி காலி.

என் மனைவி எஸ்தர் வீட்டில் ராட்டை வைத்து நெசவாளர்களுக்குத் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றுகிறவள். முதல் வெள்ளிக்கிழமை காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு ராட்டைக்குத் திரும்பிவிட்டாள். இரண்டாம் வெள்ளிக்கிழமை ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏங்க, அதுக்கு ஏன் தீனி வெக்கல?"

"உபவாசம்."

"நீங்க இருங்க. வேணாம்னு சொல்லல. அது இன்னா பாவம் பண்ணிச்சி, மனந்திரும்பறதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம் இல்லாதவள் போலப் பேசுகிறாயே என்று கேட்டேன். அவள் ராஜாத்தியின் முகத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மூன்றாம் வெள்ளியும் நான்காம் வெள்ளியும் அப்படியே செய்தேன். என் கண் அடைபட்டிருந்தது.

நான்காம் வெள்ளிக்கிழமை. நல்ல வெயில் ஏறிய நேரம். கொட்டகையிலேயே, அவள் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் செய்யவேண்டியதெல்லாம் செய்தேன். இன்னும் என்ன செய்யவேண்டும், காட்டும்" என்று கதறினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது என் முகம் தரைக்குப் பக்கத்தில் இருந்தது.

அங்கே புல் உருண்டைகள் கிடந்தன. விரல் நீளத்துக்கு, சுருட்டு போலச் சுருண்டு, எச்சிலில் காய்ந்தவை. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. கையில் எடுத்துப் பிரித்தேன். மென்ற புல். ஆனால் விழுங்காத புல். தின்ன முடியாமல் வாயிலிருந்து துப்பியிருக்கிறாள். பக்கத்தில் கிடந்த சாணத்தைக் கிளறினேன். கொள்ளு முழுசு முழுசாக இருந்தது. தினமும் பெருக்கித் தள்ளுகிற இடம்தான் அது. நின்றுகொண்டே பெருக்கினதால் என் கண்ணில் படவில்லை.

நான் எஸ்தரைக் கூப்பிட்டேன். அவள் ஒரு உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ஐயோ, பசியோடதான் இருந்திருக்கா. மெல்ல முடியல" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். பிறகு உபவாசத்தை முறித்து, அவளுக்குத் தவிட்டைக் கஞ்சியில் கரைத்து வைத்தோம். ஒரே மூச்சில் உறிஞ்சினாள்.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். டாக்டர் அவள் வாயைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் சில தேய்ந்து போயிருந்தன. சில கத்தி போலக் கூராகிக் கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தன. நீண்ட அரத்தால் ராவிச் சமமாக்கினார். "இத்தனை நாளா பல்லில்லாதவங்களுக்குக் கொட்டப்பாக்கு குடுத்துகினு இருந்திருக்க. இனிமே எல்லாம் குழைவா வை. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி வை. ஆசைப்பட்டு ஒரே வேளையில கொட்டிடாத, வயித்து வலி வந்து செத்துடும்" என்றார்.

அன்று முதல் ஒரு நாளைக்கு ஆறு வேளை. கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, மத்தால் மசித்து, தவிடும் கொஞ்சம் உப்பும் கலந்து வாளியில். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. பிஞ்சு அருகம்புல்லை விரற்கடை அளவுக்கு நறுக்கித் தண்ணீரில் நனைத்து. எஸ்தர் ஒரு தார் சுற்றி முடித்தால் எழுந்து ஒரு வாளி வைப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சோறு வடித்த கஞ்சியை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் அவளை வண்டியில் பூட்டவில்லை. மூட்டைகளை என் தலையில் சுமந்தேன். என்னோடு ஜட்கா ஓட்டுகிற பாஷா பாய் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, குதிரைக்கு லீவு வுட்டுட்டு நீ ஓடறியா? லாடம் அடிக்கட்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பாதி மூட்டையை இறக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டார். வைகாசி வரை அப்படியே செய்தார்.

அவள் தேறுகிறாளா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எஸ்தர்தான் வழி கண்டுபிடித்தாள். கழிவுப் பட்டு இழைகளை முறுக்கி, ராஜாத்தியின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, சரியாக முனைகள் சேருகிற இடத்தில் வெட்டி, அந்த நூலை அளவுக்கு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்ததும் அளப்போம். முதல் ஞாயிறு முனைகள் சேர்ந்தன. இரண்டாம் ஞாயிறும் சேர்ந்தன. என் மனசு விட்டுப்போயிற்று. மூன்றாம் ஞாயிறு எஸ்தர் இழுத்தாள். இன்னும் இழுத்தாள். "ஏங்க, நூல் எட்டல!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். ஒரு விரல் குறைந்தது. வைகாசி பிறந்தபோது நூல் முனைகளுக்கு நடுவே நான்கு விரல் வைக்கலாம்.

பெருமை கூடாது என்று நமக்குப் போதிக்கிறார்கள். ஆனாலும் சொல்லுகிறேன். அதிகாரி வந்த அன்று ராஜாத்தியைக் குளிப்பாட்டி, பிடரியை வாரி, கழுத்து மணியைக் கட்டி நிறுத்தினேன். மேல்தோல் எங்கள் ஊர்ப் பட்டு போல மின்னியது. அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, என்னையே ஏமாத்தறியா? பழைய குதிர எங்க?"

"இதுதாங்க."

"பொய் சொல்லாத. இது வேற."

பாஷா பாய் ஓடிவந்தார். "அல்லா சத்தியமா அதே குதிர சார்! இத்தோட பேஜார்ல நாங்கல்லாம் மூணு மாசமா தூங்கல. காதப் பாருங்க, கிழிஞ்ச காது!" அதிகாரி கிழிந்த காதைத் தொட்டுப் பார்த்தார். விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "என்னய்யா போட்ட?" என்று கேட்டார். "ஆண்டவர் காட்டினார். என் வீட்டுக்காரி போட்டாள்" என்றேன். அன்றைக்கு என் மார்பு வண்டிக் கூண்டைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு இன்னும் இரண்டு வருஷம் லேசான பாரம் இழுத்தாள். இப்போது 1982. வேறொரு குதிரை வண்டி இழுக்கிறது. ராஜாத்தி கொட்டகையில் வேலையில்லாமல் தின்கிறாள். அது அவள் சம்பாதித்த உரிமை. போளூரிலிருந்தும் செய்யாரிலிருந்தும் வண்டிக்காரர்கள் மெலிந்த குதிரையோடு வருகிறார்கள். முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பேன். பிறகு அதன் மேல் கையை வைத்து ஜெபிப்பேன்.

முன்பு எனக்கு விடை தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஜெபித்தேன். என் வழியை ஆண்டவர் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று அடம் பிடித்தேன். அதற்கு ஒரு வாயில்லா ஜீவன் நான்கு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தது. அவளிடமும் எஸ்தரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது தினமும் காலையில் ஆண்டவரிடம், காட்டும் என்று மட்டும் கேட்கிறேன். காட்டுகிறார்.

உங்கள் வீட்டில் எது உருகிக்கொண்டிருந்தாலும் அவரிடம் கேளுங்கள். நம்பிக்கை வராவிட்டால் ஆரணிக்கு வாருங்கள். ஜட்கா ஞானமுத்து வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். தீனி நேரத்தில் வந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாளி காலியாகும் வரை ராஜாத்தி தலை தூக்கமாட்டாள். கோபிக்காமல் காத்திருங்கள். நாங்களும் காத்திருந்துதான் கண்டோம்.