லூப் லைனில் இறங்காதவள்

கணவன் பத்ரியின் காரியங்கள் முடிந்த மறுவாரமே ருக்மிணி வேலைக்குக் கிளம்பினாள். அவள் டிபன் பாக்ஸை மூடும்போது மகள் ஹர்ஷிதா கேட்டாள்.

"அதே ட்ரெயின்லயாம்மா?"

"வேற ட்ரெயின் எங்கடி இருக்கு?"

உண்மைதான். செகந்திராபாத்திலிருந்து மேற்கே போகும் லோக்கல்களில் காலை ஷிஃப்டுக்கு ஒத்துவருவது அது ஒன்றுதான். அதை விட்டால் மதியம் வரைக்கும் வண்டி இல்லை. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறிப் பட்டான்செரு போய்ச் சேர்வதற்குள் மருந்துக் கம்பெனி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மாத்திரை பேக்கிங்கில் ருக்மிணி கான்ட்ராக்ட் ஆள். இனி நாலு நாள் தவறினால் வேறு ஆள் வந்துவிடும். ஹர்ஷிதாவின் படிப்பு பாதியில் நிற்கிறது. பத்ரி இல்லாத வீட்டில் இந்த வேலை ஒன்றுதான் மிச்சம்.

அந்த ஒற்றை வண்டியும் பல நாள் நேராகப் போய்ச் சேராது. போச்சம்மகுட்டா ஹால்ட் என்ற சின்ன ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் மெயின் லைனை விட்டு விலகி லூப் லைனில் ஒதுங்கி நிற்கும். பின்னால் வரும் எக்ஸ்பிரஸைத் தாண்டவிட்டுத்தான் சிக்னல் விழும். அங்கே பிளாட்பாரம் கிடையாது. ஜல்லியும் எருக்கஞ்செடியும்தான். ஆனால் இரண்டு மெயின் லைன்களையும் குறுக்கே கடந்தால் ரோடு, ரோட்டில் கம்பெனி வேன்.

வேனை அங்கே நிறுத்தச் சொன்னதே பத்ரிதான். அதே கம்பெனியில் பாய்லர் பார்த்தவன். "ஹால்ட்டு வரைக்கும் போய் இறங்கினா கேட்டைச் சாத்திடுவான். எக்ஸ்பிரஸ் போனதும் குதிச்சா நேரா வேன்" என்றான். எல்லோரும் அவனை மெச்சிக்கொண்டார்கள். முதலில் குதிப்பவன் அவன்தான். கீழே நின்று பெண்களின் பைகளை வாங்கிக்கொள்வான், கை கொடுத்து இறக்கிவிடுவான். எக்ஸ்பிரஸ் போய்விட்டால் பாதை காலி என்பது அந்தப் பெட்டிக்கே சட்டமாகிவிட்டது.

அன்றைக்கு எக்ஸ்பிரஸின் இரைச்சல் அடங்குவதற்குள் மறு லைனில் எதிரிலிருந்து இன்னொரு வண்டி வந்தது. பத்ரி இரண்டு கையிலும் பைகளோடு, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தான்.

அதன் பிறகு கொஞ்ச நாள் யாரும் குதிக்கவில்லை. அப்புறம் கேட்டில் வாங்கிய திட்டு, பயத்தை விடப் பெரிதாகிவிட்டது.

ருக்மிணி திரும்பி வந்த அன்றும் வண்டி லூப்பில் நின்றது. எக்ஸ்பிரஸ் போனது. ரோட்டிலிருந்து வேன் டிரைவர் ஃபெலிக்ஸ் ஹாரனை அடித்தான். பெட்டி காலியானது. நஸ்ரின் மட்டும் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பேக்கிங்கில் பக்கத்து மேஜை.

"வாங்கக்கா. நான் கையைப் பிடிச்சிக்கறேன். இப்பல்லாம் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுதான் தாண்டறோம்."

"நீ போம்மா. நான் பிளாட்பாரத்துல இறங்கிக்கறேன்."

"வேன் போயிடுமே!"

"போகட்டும்."

போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போனபோது கேட் பூட்டியிருந்தது. ஹால்ட்டுக்கே திரும்பி வந்தாள். வீட்டுக்குப் போகவும் மதியம் வரை வண்டி இல்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்தைத் தின்று முடித்தாள்.

வண்டி நிற்காமல் போன நாட்களில் வேலை, லூப்பில் நின்ற நாட்களில் பெஞ்ச். பெட்டியில் பேச்சு கிளம்பியது. "மகாராணிக்குப் பல்லக்கு வந்தாதான் இறங்குவாங்களாம்" என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ருக்மிணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் கமலா ஒருநாள் கூப்பிட்டனுப்பினாள். தமிழ் நன்றாக வரும், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு.

"உன் கஷ்டம் தெரியுது ருக்மிணி. ஆனா இன்னொரு நாள் வரலைன்னா கான்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டுடுவான். உன் ஒருத்திக்காக நான் கேட்டைத் திறந்து வெச்சிக்கிட்டு உட்கார முடியாது."

"ஒருத்திக்காக வேணாம் மேடம். எத்தனை பேர் வந்தா திறப்பீங்க?"

"ஏமிட்டி? என்னது?"

"எத்தனை பேர்னு சொல்லுங்க."

கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேன் நிறைய ஆளு வெளியில நின்னா திறக்காம என்ன பண்றது? மெஷின் ஓடணுமே."

"சரி மேடம்" என்று ருக்மிணி மேஜைக்குத் திரும்பினாள். சாயங்கால வண்டியில் நஸ்ரினிடம் இதைச் சொன்னாள்.

"வேன் நிறையவா? நம்ம ஆளுங்களா?" நஸ்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். "நக்கோக்கா, வேணாம்! இவங்களை நம்பி என் வேலையை வெக்க முடியாது. வீட்டுல அவருக்கு முதுகு சரியில்ல, தெரியும்ல?"

"நம்ப வேணாம். உட்காரு, போதும்."

நஸ்ரின் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் வண்டி லூப்பில் ஒதுங்கியது. இதுதான் கமலா சொன்ன அந்த இன்னொரு நாள். இறங்கினால் வேலை தப்பும், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்தாள். எக்ஸ்பிரஸ் பெட்டியையே உலுக்கிவிட்டுப் போனது. ஹாரன் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். நஸ்ரின் ஒரு காலைப் படியில் வைத்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"ஏய், இறங்கு, இல்லைன்னா வழி விடு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நஸ்ரின் திரும்பினாள். "அன்னைக்கு அண்ணன் கையில இருந்ததுல ஒரு பை என்னுது" என்றாள், யாரிடம் என்றில்லாமல். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ருக்மிணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்லக்கு என்று சொன்னவள்தான் அடுத்து உட்கார்ந்தாள். மனசு மாறி உட்கார்ந்தவர்கள் சிலர், மற்றவர்கள் இறங்காததால் உட்கார்ந்தவர்கள் சிலர். பக்கத்துப் பெட்டியிலிருந்து மூன்று ஆண்கள் மட்டும் குதித்து ஓடினார்கள். ஹாரன் விடாமல் அலறிப் பிறகு ஓய்ந்தது.

ஹால்ட்டில் இறங்கி வெளியே வந்தபோது வேன் அங்கே நின்றிருந்தது. ஃபெலிக்ஸ் முகம் சிவந்திருந்தது.

"மூணு பேரை வெச்சிக்கிட்டு நான் வேன் ஓட்டணுமாக்கா? இது ஆட்டோ நிக்கற இடம், அவங்களோட தினம் சண்டை போட என்னால ஆகாது. அது அண்ணன் பார்த்து வெச்ச இடம்க்கா!"

"அவர் பார்த்து வெச்ச இடம்தான். அங்கதான் போனார்." ருக்மிணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "அவர் இருந்திருந்தா இன்னைக்கு வேற இடம் பார்த்திருப்பார். வண்டியை எடு ஃபெலிக்ஸ்."

அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான்.

கேட் பூட்டியிருந்தது. எல்லோரும் இறங்கி நின்றார்கள். வாட்ச்மேன் உள்ளே ஓடி கமலாவைக் கூட்டிவந்தான். அவள் கம்பிகளுக்குப் பின்னால் நின்று ஆட்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தாள். கடைசியில் ருக்மிணியைப் பார்த்தாள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டா எடுத்துக்கலை மேடம்."

தெலுங்கில் சரமாரியாக ஏதேதோ விழுந்தது. அதற்கு நடுவில் பூட்டும் திறந்தது.

இப்போதும் வண்டி லூப்பில்தான் நிற்கிறது. வேன் ஹால்ட்டு வாசலில் நிற்கிறது, அது போய்ச் சேரும் வரை கேட்டைப் பூட்டுவதில்லை. ஃபெலிக்ஸ் ஆட்டோக்காரர்களோடு தினமும் சண்டை போடுகிறான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, எக்ஸ்பிரஸ் தாண்டியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காரும்மா" என்றாள் ருக்மிணி. "இன்னொண்ணு வரும்."

சில நாள் வரும், சில நாள் வராது. அவள் எல்லா நாளும் சொல்கிறாள்.