சந்தனம் வைத்த நாற்காலிகள்

ஆயுத பூசைச் சாமான்களை எர்ணாகுளம் பிராட்வேயில் வாங்கிக்கொண்டு, மதியத்துக்கு மேல் மட்டாஞ்சேரிக் கடைக்குத் திரும்பிய முத்துவேல் வாசலிலேயே நின்றுவிட்டான். கடைக்குள் நான்கு தோட்டத்து நாற்காலிகளும் வெள்ளிப் பூச்சில் பளபளத்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் செவ்வந்திச் சரம்.

காலையில் அவன் புறப்படும்போது அவை துருவேறி, பச்சைச் சாயம் பொருக்குப் பொருக்காய் உதிர நின்றவை. அந்தத் துருவுக்குத்தான் மதிப்பு. சுள்ளிக்கல்லில் பழைய வீடொன்றை விருந்தினர் விடுதியாக்கும் அதிதி, தோட்டத்தில் போட அசல் பழைய நாற்காலிகள் கேட்டிருந்தாள். தனிக்கடை வைத்தபின் அவனுக்கு வந்த முதல் பெரிய வேலை அது. சாயங்காலம் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

"ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க?"

மைத்துனன் சுப்புராஜ், வீடுகளுக்குச் சாயமடிப்பவன், பெருமையோடு நிமிர்ந்தான். "பூசையும் அதுவுமா துருப்பிடிச்ச இரும்ப வச்சிருக்கலாமா அத்தான்? மூதேவில்லா வந்து உக்காருவா! மிஷின வச்சு நல்லாச் சுரண்டித்தான் அடிச்சேன்."

"சுரண்டினியா?"

"பின்னே? துரு மேலயே அடிச்சா நிக்குமா?"

பழைய சாயம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று முத்துவேல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தான். இருக்கையின் அடியில் சுப்புராஜ் சுரண்டியிருந்தான், பூச்சு அடிக்கவில்லை. அங்கே வெறும் இரும்பில் மூன்று வெல்டிங் புள்ளிகள் ஒரே வரிசையில் இருந்தன. அவன் அடுத்ததைக் கவிழ்த்தான். அதிலும் மூன்று. மூன்றாவதிலும் நாலாவதிலும் அப்படியே.

வெல்டிங் வேலையை அவனுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. தெருவோரம் நின்று பார்த்துப் பழகியவன். மற்றவர்கள் கழிவுத் துண்டில் கம்பியைத் தொட்டு மின்சாரம் சரியா என்று பார்ப்பார்கள். அவன் செய்யும் நாற்காலியின் இருக்கை அடியிலேயே மூன்று முறை தொட்டுப் பார்ப்பான். பல முறை திட்டு வாங்கியும் விடாத வழக்கம்.

ஆகவே அவை அவனே செய்த நாற்காலிகள்.

முன்பு அவன் வேலை பார்த்தது ரமேஷ்பாபுவின் பழம்பொருள் கடையில். அங்கே அவன் செய்த புது நாற்காலிகளை இடக்கொச்சிக் காயல் சேற்றில் ஒரு மழைக்காலம் புதைத்தெடுத்துப் பழையவை என்று விற்பார்கள். அதைத் தட்டிக் கேட்டதற்காகவே அவனைத் துரத்தினார்கள். போகும்போது திருடன் என்ற பெயரையும் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் ஒரு ரசீதையும் எறிந்ததில்லை. இந்த நாற்காலிகளைத் தரகர் ஒருவரிடம் வாங்கிய ரசீதும் ஆணியில் தொங்கியது. 'பழைய பங்களாச் சாமான்' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எல்லாக் காகிதத்தையும் காத்தவன், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அதிதி வந்தாள். வாசலிலேயே வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஈஸ்வரா! என்ன முத்துவேல் இது? கல்யாண மண்டபத்து நாற்காலி மாதிரின்னா இருக்கு?"

"சேச்சி, இது பழசே இல்ல." "நான் செஞ்சது. சேத்துல புதைச்சு எடுத்து எனக்கே பழசுன்னு வித்துட்டாங்க. இப்பத்தான் தெரியும்."

அவள் நாற்காலிகளை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சரி, போட்டும். மறுபடியும் அந்தச் சேத்துலயே முக்கித் தாங்கோ. வரவாளுக்கு என்ன தெரியப் போறது? படத்துல பழசாத் தெரிஞ்சாப் போறும்."

நாற்காலிகளைக் கண்டபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி அப்போது வந்தது. அன்று அவன் கேட்டபோது ரமேஷ்பாபு சொன்ன அதே சொற்கள். வேலையைத் தக்கவைக்க ஒரு தலையாட்டல் போதும்.

"மாட்டேன் சேச்சி. புதுசுன்னு சொல்லி வாங்கினா, எத்தனை வேணும்னாலும் செஞ்சு தரேன்."

"அப்ப எனக்கு வேண்டாம்." ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

சுப்புராஜ் தலையைச் சொறிந்தான். "என்னாலதான் போச்சு, என்ன அத்தான்?"

முத்துவேல் ஒரு நாற்காலியைத் தூக்கித் தெருவோரம் போட்டான். ஒரு தகரத் துண்டை எடுத்து, தானே படித்துக்கொண்ட மலையாள எழுத்தில், இரும்பு நாற்காலி, புதியது, செய்தவன் முத்துவேல் என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் கைப்பிடியில் கட்டினான். அத்தனை நாற்காலிகள் செய்தும் ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உட்காரப் போனான்.

"அத்தான், உக்கார்ற எடம் இன்னும் காயல!" என்று அலறினான் சுப்புராஜ்.