மணியண்ணை பிடித்து வைத்த கதிரை

மறதி நோயோடு இருந்த என் மனிசன் காலமாகி நாலு மாதம். நாங்கள் இருவரும் போய்வந்த ரெய்னர்ஸ் லேனில் மறதி நோயாளருக்கும் வீட்டாருக்கும் நடக்கிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு இன்று தனியாகப் போனேன்.

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நான் அழுதுவிடுவேன் என்று அவர் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

அதே நோய் உள்ள மணியண்ணை மட்டும் தன் பக்கத்துக் கதிரையில் தொப்பியை வைத்து என் மனிசனுக்கு இடம் பிடித்திருந்தார்.

"எங்கை தங்கச்சி அவர்? காட்ஸ் விளையாட ஆளில்லை."

"வீட்டிலை காலுக்குப் போடச் சப்பாத்துத் தேடுறார் அண்ணை. வந்திடுவார்."

"கட்டிலுக்குக் கீழை பாக்கச் சொல்லும்."

அவருடைய மனைவி ஓடிவந்தா. "குறை நினைக்காதேங்கோ அக்கா, அவர் காலமானதைச் சொன்னாலும் மறந்திடுறார்."

"விடுங்கோ, கேக்கட்டும்" என்றேன்.

இத்தனை பேருக்குள் என் மனிசனை இன்னும் தேடுகிறவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த செவ்வாயும் கேட்பார். சொல்ல நல்ல பொய் இருந்தால் எழுதுங்கோ.